யாழ் நூல் தந்த விபுலாநந்த அடிகளார்

குடமுழுக்குப் பெருவிழாவில் வேள்விச் சாலையின் மறைமுழக்கமும், நாகசுரத்தின் மங்கல இசையும், ஓதுவார் பெருமக்களின் திருமுறைப் பண்ணிசையும் ஒருங்கே எழும்பொழுது உருகாத உள்ளம் இல்லை. இசையின்றி வழிபாடு நிகழும் திருக்கோயில் நம் நாட்டில் காண்டற்கரியது. துயிலெழுப்புதல் முதல் பள்ளியறை வரையில் ஒவ்வொரு காலத்திற்கும் உரிய பண் உண்டு. ஒவ்வொரு விழாவிற்கும் உரிய வாத்தியம் உண்டு. தஞ்சைப் பெருவுடையார் கோயிலை எடுப்பித்த முதலாம் இராசராச சோழன், திருப்பதிகம் விண்ணப்பஞ் செய்வார் 48 பேரையும், அவர்க்குத் துணையாக உடுக்கையும் கொட்டி மத்தளமும் முழக்குவார் இருவரையும் நியமித்து, நாள்தோறும் நெல் அளக்க நிவந்தம் ஏற்படுத்தியதைக் கல்வெட்டு இன்றும் காட்டி நிற்கின்றது. கல்லால் எடுத்த கோயிலுக்கு இசையே உயிர் என்பதை அம்மன்னர் பெருமான் நன்கு உணர்ந்திருந்தார்.

நமது அத்திப்பட்டு இற்றைநாளில் ஒரு தொழில் நகரம். வட சென்னை அனல்மின் நிலையமும், எண்ணூர்த் துறைமுகமும், பற்பல தொழிற்சாலைகளும் நம்மைச் சூழ்ந்துள்ளன. நம் வீட்டுப் பிள்ளைகள் காலையில் மின்சார இரயிலேறிச் சென்னைக்கும் பிற ஊர்களுக்கும் சென்று பொறியியலும், கணக்கியலும், கணிப்பொறி இயலும் பயின்று வருகின்றனர். இது மகிழத்தக்கதே. ஆயினும் அப்பிள்ளைகள் பெறும் உயர்கல்வியில் இசைக்கும், பண்பாட்டிற்கும், அறநெறிக்கும் உரிய இடம் யாது என்னும் கேள்வி பெற்றோர் பலர் நெஞ்சில் எழாமல் இல்லை. இக்கேள்விக்குத் தம் வாழ்வையே விடையாகத் தந்து சென்ற பெரியார் ஒருவர் உளர். விஞ்ஞானப் பட்டதாரியாய், துறவியாய், பல்கலைக் கழகப் பேராசிரியராய், இசையாராய்ச்சிப் பேரறிஞராய் விளங்கிய சுவாமி விபுலாநந்தரே அவர். அவர்தம் வரலாற்றை இக்குடமுழுக்கு மலரில் நினைவுகூர்தல் பொருத்தமுடையது. அவருடைய வாழ்நாட் பணியின் முடிமணியாகிய நூல் அரங்கேறிய இடமும் ஒரு திருக்கோயிலே யன்றோ!

ஈழநாட்டின் கீழைக் கரையில், மட்டக்களப்புக்குத் தெற்கே காரைதீவு என்னும் சிற்றூர் உள்ளது. கடலும் கழியும் வயலும் சூழ்ந்த அவ்வூரில் 1892-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 27-ஆம் நாள் சாமித்தம்பியார்க்கும் கண்ணம்மையார்க்கும் திருமகனாராக அடிகளார் தோன்றினார். பெற்றோர் இட்ட பெயர் மயில்வாகனன். இளமையிலேயே தமிழ் இலக்கண இலக்கியங்களைப் பயின்ற அவர், கல்முனையிலும் மட்டக்களப்பிலும் ஆங்கிலக் கல்வி கற்று, 1908-ஆம் ஆண்டில், தம் பதினாறாம் அகவையில், கேம்பிரிட்சு சீனியர் தேர்வில் தேறினார். பின்னர்க் கொழும்பு நகரில் ஆசிரியப் பயிற்சி பெற்றார்.

1916-ஆம் ஆண்டு அவர் வாழ்வில் குறிப்பிடத்தக்கதாகும். அவ்வாண்டில் கொழும்புத் தொழில்நுட்பக் கல்லூரியில் விஞ்ஞானத் தேர்ச்சிச் சான்று பெற்றார். அதே ஆண்டில் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதத் தேர்விலும் வெற்றி பெற்றார். ஈழநாட்டினின்றும் அத்தேர்வில் முதன்முதல் தேறியவர் அவரே. ஒரு கையில் ஆய்வுக்கூடத்துக் கருவி, மறுகையில் சங்கத்தமிழ் ஏடு என்னும் இந்த இருதிறக் கல்வியே அவருடைய எதிர்காலப் பெரும்பணிக்கு வித்தாயிற்று. யாழ்ப்பாணத்தில் விஞ்ஞான ஆசிரியராகப் பணிபுரிந்துகொண்டே இலண்டன் பல்கலைக் கழகத் தேர்வுக்குத் தாமே பயின்று, 1920-ஆம் ஆண்டில் பி. எஸ்ஸி. பட்டம் எய்தினார். மானிப்பாய் இந்துக் கல்லூரியின் தலைமையாசிரியர் பதவியும் அவரை நாடி வந்தது.

இத்தகைய பட்டமும் பதவியும் உடையார்க்கு அந்நாளில் உலகியல் இன்பங்கள் எளிதிற் கைகூடும். மயில்வாகனனாரின் உள்ளமோ வேறு வழியை நாடிற்று. 1922-ஆம் ஆண்டில் அவர் எல்லாவற்றையும் விடுத்துச் சென்னை மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்தை அடைந்தார். அங்கே பிரபோத சைதன்யர் என்னும் பிரமசரியப் பெயர் பூண்டு, பயிற்சி முடித்து, 1924-ஆம் ஆண்டில் பகவான் இராமகிருஷ்ணரின் நேர்ச் சீடராகிய சுவாமி சிவானந்தரிடம் துறவு பெற்று, விபுலாநந்தர் ஆயினார். மடத்தின் தமிழ்த் திங்களிதழையும் ஆங்கிலத் திங்களிதழையும் கவனித்துவரும் பொறுப்பும் அவர்பால் ஒப்படைக்கப்பெற்றது.

துறவு பூண்ட பின்னரும் கல்விப்பணியை அவர் துறந்தாரில்லை. 1925-இல் ஈழநாடு திரும்பி, இராமகிருஷ்ண சங்கத்தின் பள்ளிகளை வளர்க்கலானார். தம் குருநாதர் பெயரால் மட்டக்களப்பை அடுத்த கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தை 1929-ஆம் ஆண்டில் நிறுவினார். ஆதரவற்ற சிறுவர்க்கு உணவும் உறைவிடமும் கல்வியும் ஒருசேர அளிக்கும் இல்லங்களையும் பேணினார். மாணவர் அறிவு பெறுதல் வேண்டும். அவ்வறிவுடன் இறையன்பும், உழைப்பும், பிறர்க்குதவும் பண்பும் பெறுதல் வேண்டும் என்பதே அவருடைய கல்விக் கொள்கையாக இருந்தது.

இங்கே நம் நாட்டுப் பல்கலைக் கழகங்களின் வரலாற்றைச் சிறிது நோக்குதல் வேண்டும். பண்டை ஐரோப்பியப் பல்கலைக் கழகங்களில் எண்கணிதம், வடிவியல், வானியல், இசை என்னும் நான்கும் ஒரு தொகுதியாகக் கற்பிக்கப்பெற்றன. இசை அங்கே பொழுதுபோக்காகக் கருதப்படவில்லை. கணிதத்தின் உடன்பிறப்பாகவே போற்றப்பட்டது. ஆனால் 1857-ஆம் ஆண்டில் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களிலும் இலண்டன் பல்கலைக் கழகத்தைப் பின்பற்றித் தோன்றிய பல்கலைக் கழகங்கள், தொடக்கத்தில் தேர்வு நடத்திப் பட்டம் வழங்குவனவாகவே இருந்தன. நம் நாட்டு இசைக்கு அவற்றில் நெடுங்காலம் இடம் கிடைக்கவில்லை. கோயிலிலும், குருகுலத்திலும், இசைவேளாளர் இல்லங்களிலும் வளர்ந்த ஒரு பெருங்கலை, பட்டம் பெற்றோர் அறியாத கலையாயிற்று. கற்றவர் இசையறியார், இசைவல்லார் கல்லூரியறியார் என்னும் பிளவு நேர்ந்தது. இப்பிளவால் கல்வியும் குன்றிற்று, கலையும் குன்றிற்று.

இந்நிலை இருபதாம் நூற்றாண்டில் மெல்ல மாறலாயிற்று. வங்கத்தில் கவியரசர் இரவீந்திரநாதர் 1921-இல் நிறுவிய விசுவபாரதியில் இசைக்குச் சிறப்பிடம் தந்தார். தில்லையில் அரசர் சர் அண்ணாமலைச் செட்டியார் 1929-ஆம் ஆண்டில் பல்கலைக் கழகம் கண்டு, இசைக் கல்லூரியையும் தோற்றுவித்தார். சென்னைப் பல்கலைக் கழகத்தில் 1932-ஆம் ஆண்டில் இந்திய இசைத் துறை தொடங்கிற்று. இத்தகைய காலத்தில்தான் அண்ணாமலைப் பல்கலைக் கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராக 1931-ஆம் ஆண்டில் விபுலாநந்த அடிகளார் அழைக்கப்பெற்றார். விஞ்ஞானப் பட்டம் பெற்ற ஒரு துறவி தமிழ்ப் பேராசிரியராக அமர்ந்தது அந்நாளில் ஒரு புதுமையே.

காவியுடையில் வகுப்பறைக்கு வரும் அப்பேராசிரியர், கற்பிக்கும் நேரம் போக எஞ்சிய பொழுதையும் தமக்கென வைத்துக்கொள்ளவில்லை. பல்கலைக் கழகத்தை அடுத்துள்ள திருவேட்களத்தில் ஒடுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்குக் கல்வி புகட்டினார். பேராசிரியர் என்னும் பெருமையும், துறவி என்னும் உயர்வும் அவரை எளியோரிடமிருந்து பிரித்துவிடவில்லை. பண்பாட்டைப் பற்றிப் பேசுவது வேறு; அதன்படி வாழ்வது வேறு. மாணவர் கண்முன் வாழ்ந்து காட்டும் ஆசிரியர் ஒருவர், நூறு அறநூல்களுக்கு ஒப்பாவார்.

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் யாழாசிரியனின் இலக்கணங் கூறும் பகுதியொன்று உள்ளது. இருபத்தைந்து அடிகளே கொண்ட அப்பகுதி, பழந்தமிழர் இசையின் நுட்பங்களைச் சுருங்கச் சொல்லும் திறத்தது. அடியார்க்கு நல்லார் உரை துணையாக இருப்பினும், யாழ் என்னும் கருவியே பல நூற்றாண்டுகளுக்கு முன் வழக்கொழிந்து வீணைக்கு இடந்தந்து மறைந்துவிட்டமையால், அப்பகுதி கற்போர்க்குப் பெரும்பாலும் விளங்காததாகவே இருந்தது. 21 நரம்புடைய பேரியாழ், 14 நரம்புடைய சகோடயாழ், 7 நரம்புடைய செங்கோட்டியாழ் என எண்ணிக்கை தெரியும். ஆனால் அந்நரம்புகள் எவ்வாறு இசைகூட்டப்பெற்றன, அவற்றிற் பிறந்த பண்கள் எத்தன்மையன என்று தெரியாது. இவ்விருளை அகற்றுவதென உறுதிபூண்டார் அடிகளார்.

யாழ் நமக்கு வெறும் பழம்பொருளன்று; சைவ அன்பர்க்கு அது திருமுறையோடு பிறந்த கருவியாகும். திருஞானசம்பந்தப் பெருமானுடன் தலந்தோறும் சென்று அவர்தம் பதிகங்களை யாழிலிட்டு வாசித்தவர் திருநீலகண்ட யாழ்ப்பாணர். திருத்தருமபுரத்தில் சம்பந்தர் பாடிய பதிகம் யாழில் அடங்காமை கண்டு வருந்திய பாணர் தம் கருவியை உடைக்க முற்பட, சம்பந்தர் தடுத்தருளிய வரலாற்றை நாம் அறிவோம். யாழின் இலக்கணம் மறைந்துவிட்டால், தேவாரப் பண்களின் மூல இலக்கணத்தை அறியும் வழியொன்றும் மறைந்துவிடும். ஆதலின் அடிகளார் மேற்கொண்ட ஆராய்ச்சி புலவர்களுக்கு மட்டும் உரியதன்று. திருக்கோயிற் பண்ணிசை முழுமைக்கும் உரியதாகும்.

இவ்வாராய்ச்சியில் அவர் கற்ற விஞ்ஞானம் கைகொடுத்தது. குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்னும் தமிழ் ஏழிசையும் முறையே ச, ரி, க, ம, ப, த, நி என்னும் சுரங்களாகும். இழுத்துக் கட்டிய நரம்பொன்றின் முழு நீளமும் குரலாக ஒலிக்குமாயின், அதன் மூன்றில் இருபங்கு இளியாக ஒலிக்கும். சரிபாதி மேல்தானக் குரலாக ஒலிக்கும். கிரேக்க நாட்டுப் பிதாகோரசு என்னும் அறிஞர் பெயரால் உலகம் போற்றும் இவ்வுண்மை பழந்தமிழ் இசை மரபிலும் பொதிந்து கிடக்கின்றது. தாரத்தில் உழையும், உழையிற் குரலும், குரலில் இளியும், இளியில் துத்தமும், துத்தத்தில் விளரியும், விளரியிற் கைக்கிளையும் பிறக்கும் என்பது பண்டையோர் கண்ட முறை. ஒவ்வோர் இசைக்கும் அதன் ஐந்தாம் இசையைக் கண்டு தொடுக்கும் கணித முறையே இது. ஒரு தானத்தை 22 அலகுகளாகக் கொண்டு, குரலினின்று இளி 13 அலகு தூரத்தில் நிற்பதையும், பாலைகள் ஒன்றினின்று ஒன்று திரியும் வகையையும் அடிகளார் எண்ணால் அளந்து காட்டினார். ஏட்டில் எழுத்தாக உறங்கிய இலக்கணம் செவியாற் கேட்கத்தக்க இசையாக மீண்டது.

இத்துறையில் அவர்க்கு முன்னோடியாக விளங்கியவர் தஞ்சை ஆபிரகாம் பண்டிதர். 1917-ஆம் ஆண்டில் வெளிவந்த கருணாமிர்த சாகரம் என்னும் பெருநூலில் அவர் தானத்திற்கு 24 சுருதிகள் என நிறுவினார். அடிகளாரின் முடிபு அதனின் வேறுபட்டது. அடிகளாரின் முடிபுகளிலும் பின்வந்த ஆராய்ச்சியாளர் மாறுபடும் இடங்கள் உள. ஆயினும் ஒருவர் கிறித்தவர், மற்றவர் சைவ மரபில் வந்த துறவி. இருவரும் தமிழிசை என்னும் ஒரு திருப்பணியிலேயே தம் வாழ்நாளைச் செலவிட்டனர். கருத்து வேறுபடினும் நோக்கத்தில் ஒன்றுபடுதல் உயர்கல்வி தரவேண்டிய பண்புகளுள் தலையாயதாம்.

அடிகளார் 1933-ஆம் ஆண்டில் அண்ணாமலைப் பல்கலைக் கழகத்தினின்றும் விலகிய பின்னரும் ஆராய்ச்சி தொடர்ந்தது. 1936-ஆம் ஆண்டில் சென்னையில் நிகழ்ந்த கலைச்சொல்லாக்க மாநாட்டிற்குத் தலைமை தாங்கி, விஞ்ஞானத்தைத் தமிழில் பயிற்றுதற்கு வழி வகுத்தார். 1939-ஆம் ஆண்டில் இமயமலைச் சாரலிலுள்ள மாயாவதி ஆசிரமத்திற்குச் சென்று, பிரபுத்த பாரதம் என்னும் ஆங்கிலத் திங்களிதழின் ஆசிரியப் பொறுப்பை ஏற்றார். 1943-ஆம் ஆண்டில் இலங்கைப் பல்கலைக் கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். இரு நாடுகளில் இரு பல்கலைக் கழகங்களின் முதல் தமிழ்ப் பேராசிரியர் என்னும் தனிச்சிறப்பு அவர்க்கே உரியது. எங்கிருந்த போதும் யாழாராய்ச்சி அவர் உடன் சென்றது. உடல்நலம் குன்றிய காலத்தும் அப்பணி நின்றதில்லை.

இவ்விடத்தில் திருப்பணிச் செல்வர்கள் கருதத்தக்க செய்தியொன்று உண்டு. துறவியாகிய அடிகளார்க்குச் சொந்தப் பொருள் ஏது? நீண்டகால ஆராய்ச்சிக்கும், கருவிகள் செய்தற்கும், பெருநூலொன்றை அச்சிடுதற்கும் பொருள் வேண்டுமன்றோ? புதுக்கோட்டைச் சிதம்பரம் செட்டியார் என்னும் வள்ளல், அடிகளார்க்கு அமைதியான உறைவிடமும் வேண்டிய உதவியும் அளித்துப் பேணினார். கரந்தைத் தமிழ்ச் சங்கம் நூலை வெளியிடும் பொறுப்பை ஏற்றது. அறிஞர் அறிவைத் தந்தார். செல்வர் பொருளைத் தந்தார். சங்கம் உழைப்பைத் தந்தது. மூன்றும் கூடியமையால் தமிழகம் யாழ் நூலைப் பெற்றது.

ஏறத்தாழ 14 ஆண்டு உழைப்பின் பயனாகிய அந்நூல் பாயிரவியல், யாழுறுப்பியல், இசைநரம்பியல், பாலைத்திரிபியல், பண்ணியல், தேவாரவியல், ஒழிபியல் என ஏழு இயல்களாக அமைந்தது. கணிதத்திலும் கருவியியலிலும் தொடங்கிய ஆராய்ச்சி தேவாரத்தில் சென்று நிறைவுறுவதை இவ்வைப்பு முறையே உணர்த்தும்.

இந்நூல் அரங்கேறிய இடம் திருக்கொள்ளம்பூதூர். இன்றைய திருவாரூர் மாவட்டத்திலுள்ள அத்தலத்தில், ஆறு பெருகி ஓடக்காரர் அஞ்சிய காலை, திருஞானசம்பந்தர் திருப்பதிகம் பாடி ஓடத்தைச் செலுத்தி அக்கரை சேர்ந்து இறைவனைத் தொழுதார் என்பது வரலாறு. இசையே துடுப்பாகி ஓடம் நடந்த அத்தலத்தில், வில்வாரணியேசுவரர் திருக்கோயிலில், 1947-ஆம் ஆண்டு சூன் திங்கள் 5, 6 ஆகிய நாட்களில் அரங்கேற்றப் பெருவிழா நிகழ்ந்தது. அடிகளார் ஆராய்ந்து கண்ட முறைப்படி அமைந்த இசைக்கருவிகள் ஊர்வலமாக எடுத்துச் செல்லப்பெற்றன. புலவர்களும், இசைவாணர்களும், செல்வர்களும், பொதுமக்களும் திரண்டிருந்தனர். பல்கலைக் கழகப் பேராசிரியர் ஒருவர் தம் ஆராய்ச்சியின் பயனை மேலைநாட்டு மண்டபமொன்றில் வைக்காமல், ஆண்டவன் திருமுன் வைத்து வணங்கினார். ஆய்வுக்கூடத்திற்கும் கருவறைக்கும் இடையே இருந்த தொலைவு அன்று ஒழிந்தது.

அவ்விழாவைக் காண்பதற்கென்றே அவர்தம் ஆருயிர் தங்கியிருந்தது போலும். அரங்கேற்றம் நிகழ்ந்து ஆறு வாரங்களே கழிந்த நிலையில், 1947-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 19-ஆம் நாள் கொழும்பு நகரில், தம் 55-ஆம் அகவையில், அடிகளார் இறைவன் திருவடி நிழல் அடைந்தார். பாரத நாடு விடுதலை பெறுதற்கு இன்னும் ஒரு திங்களும் இல்லை. அவர் கண்ட சிவானந்த வித்தியாலயத்தின் வளாகத்திலேயே அவர் திருமேனி அடக்கஞ் செய்யப்பெற்றது. இறைவனுக்கு உகந்த மலர் எதுவென வினவி, அன்பர்தம் உள்ளத் தாமரையே என விடைபகரும் அவருடைய பாடல் அங்கே பொறிக்கப்பெற்றுள்ளது.

அடிகளார் விதைத்த விதை வீண்போகவில்லை. அவர் மறைந்த மறு ஆண்டில் டாக்டர் இராதாகிருஷ்ணன் தலைமையில் அமைந்த பல்கலைக் கழகக் கல்விக் குழு, கல்வி நிலையங்கள் நாள்தோறும் சிறிது நேர மௌன தியானத்துடன் பணி தொடங்குதல் வேண்டுமென்றும், மாணவர் உலகப் பெரியோர்களின் வரலாறுகளைக் கற்றல் வேண்டுமென்றும் பரிந்துரைத்தது. சென்னைத் தமிழிசைச் சங்கம் பண் ஆராய்ச்சியைத் தொடர்ந்து போற்றி வளர்த்தது. 2013-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் இசைக்கும் கவின்கலைகளுக்கும் எனத் தனிப் பல்கலைக் கழகமே தோன்றிற்று. மட்டக்களப்பில் அடிகளார் பெயரால் அமைந்த இசை நடனக் கல்லூரி, பின்னாளில் ஈழநாட்டுக் கிழக்குப் பல்கலைக் கழகத்தின் அங்கமாயிற்று. அவர் பள்ளி நிறுவிய அதே கல்லடியில், அவர் பெயர் தாங்கிய பல்கலைக் கழக நிறுவனத்தில் மாணவர் இசை பயில்கின்றனர்.

ஆயினும் தனித்துறைகள் பெருகுவதால் மட்டும் அடிகளாரின் எண்ணம் நிறைவேறிவிடாது. இசைத்துறை மாணவர் இசை கற்பர். பொறியியல் மாணவர் யாது செய்வர்? விஞ்ஞானம் கற்றமையால்தான் விபுலாநந்தர் யாழைக் கண்டறிந்தார். இறையன்பு உடைமையால்தான் அதனைக் கோயிலிற் கொண்டு சேர்த்தார். இரண்டில் ஒன்று குறைந்திருப்பினும் யாழ் நூல் இல்லை. தொழிற்கல்வி பயிலும் இளைஞர்க்கு இசையும் அறமும் வேண்டா என்பார்க்கு இதனினும் தெளிந்த மறுமொழி வேண்டுவதில்லை.

நம் திருவள்ளூர் மாவட்டம் பண்ணிசைக்குப் பழைய தாயகமாகும். காரைக்கால் அம்மையார் திருவாலங்காட்டில் அருளிய மூத்த திருப்பதிகங்கள் நட்டபாடை, இந்தளம் என்னும் பண்களில் அமைந்தவை. மூவர் தேவாரத்திற்கும் முற்பட்டவை. நமக்குத் தெற்கே கூப்பிடு தூரத்தில் உள்ளதென்னும்படி அமைந்த திருவொற்றியூரோ மூவர் முதலிகளும் பாடிய பெருந்தலம். இம்மரபுக்கு உரிய நாம் அதனை நம் மக்களிடம் ஒப்படைக்கத் தவறுதல் ஆகுமோ?

இராசகோபுரத்திற்கும், விமானத்திற்கும், கலசத்திற்கும் பொருள் வழங்கிய உபயதாரர்கள் பெரும்புண்ணியம் எய்தினர். அத்திருப்பணியின் தொடர்ச்சியாக, நம் ஊர்த் திருக்கோயில்களில் வாரந்தோறும் திருமுறைப் பண்ணிசை வகுப்பு நடத்தவும், ஓதுவார் ஒருவரைப் போற்றவும், இசை பயில விரும்பும் ஏழை மாணவர்க்கு ஓராண்டுக் கல்விச் செலவை ஏற்கவும் அன்பர்கள் முன்வருதல் வேண்டும். கல்லூரிக்குச் செல்லும் பிள்ளைகள் விடுமுறை நாளில் ஒரு நாழிகை திருமுன் அமர்ந்து ஒரு பதிகத்தைப் பண்ணோடு பாடப் பழகுவார்களாயின், பல்கலைக் கழகம் தரத் தவறியதைத் திருக்கோயில் தந்ததாகும். கட்டிய கோபுரத்தைப் பன்னிரண்டாண்டிற்கு ஒருமுறை புதுக்குகின்றோம். பாடும் நாவை நாள்தோறும் புதுக்குதல் வேண்டும்.

ஓடத்தை இசையாற் செலுத்திய சம்பந்தப் பெருமானும், மறைந்த யாழை அறிவால் மீட்ட விபுலாநந்த அடிகளாரும் நமக்கு வழிகாட்டுவார்களாக. குடமுழுக்குக் கண்ட இறைவன் திருவருளால் நம் பிள்ளைகள் கல்வியும், கலையும், நற்பண்பும் ஒருங்கே பெற்று நீடு வாழ்வார்களாக!

திருச்சிற்றம்பலம்.